லீஸில் கையெழுத்துப் போடும் முன்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புத் தோழிக்கு,

உன் மெயிலைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக்கூடம் வைக்கப் போகிறாய் என்பதை இவரிடம் உடனே சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் வார்டன் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நீ. உனக்கு இது சரியாக வரும்.

இங்கே எல்லோரும் சுகம். இவருடைய முதுகுவலி குறைந்திருக்கிறது. அத்தை ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார்கள். பெரியவன் மட்டும் தமிழ் வாசிக்க இன்னும் அடம்பிடிக்கிறான். சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் எடுத்த கூடம் நன்றாகவே போகிறது. சனிக்கிழமையானால் பிறந்தநாள் கூட்டம்தான். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்றால் மூன்று தலைமுறையும் வந்து உட்கார்ந்துவிடும். 1860-இல் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள். பேச்செல்லாம் ஆங்கிலம், ஆனால் கேக் வெட்டும் முன்னால் பிள்ளை நெற்றியில் திருநீறு வைக்கும் பாட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மாலில் ஓர் இடம் பார்த்திருப்பதாகவும், வாடகை கட்டுப்படியாகுமா என்றும் கேட்டிருந்தாய். வாடகை முக்கியம்தான். ஆனால் கூடம் ஓடாமல் போனால், அல்லது மூடிக் கிடக்க நேர்ந்தால் உன்னிடமிருந்து என்னவெல்லாம் கேட்பார்கள் என்பதை அந்த லீஸில் முதலில் தேடிப் படி. வாடகைக் கணக்கைப் பிறகு போடலாம்.

முதலில் ஜாமீன். நீ கம்பெனி பெயரில் லீஸ் எடுத்தாலும், கடைசித் தாளில் உன்னையும் அண்ணனையும் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். “முதலில் கம்பெனியிடம் கேள், பிறகு என்னிடம் வா” என்று சொல்லும் உரிமையையும் அந்தத் தாளிலேயே விட்டுக்கொடுக்க வைப்பார்கள். கம்பெனி வாடகை கட்டத் தவறினால் நேராக உங்கள் வீட்டுக்கும் சேமிப்புக்கும் வரலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். இன்னொன்றும் இருக்கிறது. 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் கம்பெனியாக இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. ஐந்து வருடம் என்று கையெழுத்துப் போட்டால் ஐந்து வருடம்தான். நாங்கள் ஜாமீனை ஒரு வருட வாடகைத் தொகைக்கு மேல் போகாதபடி எழுதித் தரக் கேட்டோம். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். நீயும் கூச்சப்படாமல் கேள். அச்சடித்து வந்துவிட்டதால் மாற்ற முடியாது என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதே.

வாடகை பாக்கி விழுந்தால் உள்ளே இருக்கும் சாமான்கள் மேலும் கட்டிட உரிமையாளருக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு. காபி மெஷினை வாடகைக்கு எடுத்தால், அது உன்னுடையது இல்லை என்று உரிமையாளருக்கு அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடு. ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. கட்டிடத்தை நடுவில் விற்றாலும் லீஸ் நிற்கும், வாங்கியவர் உன்னை வெளியேற்ற முடியாது. ஆனால் இடித்துக் கட்டுவதாக இருந்தால் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பார்.

இப்போது கணக்கு. 350 சதுர மீட்டர், மீட்டருக்கு 100 ரேண்ட் என்று வைத்துக்கொள். மாதம் 35,000. அதன் மேல் 15 சதவீதம் வாட் வரி சேர்ந்தால் 40,250. நீ வாட்டுக்குப் பதிவு செய்யவில்லை என்றால் அந்த 5,250 திரும்பி வராது. வருடா வருடம் 8 சதவீதம் ஏற்றம் என்று எழுதியிருந்தால் ஐந்தாம் வருடம் வாட் இல்லாமலே 47,600-ஐத் தாண்டும். அதுவே 6 சதவீதம் என்றால் 44,200-க்குள் நிற்கும். முதல் வருட வாடகையைக் குறைக்கப் பேரம் பேசுவதை விட இந்த ஏற்றத்தைக் குறைக்கப் பேசுவது மேல். முனிசிபாலிட்டி வரி, காவல், பொது இடம் கூட்டுவது, ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றிலும் உன் பங்கு எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்கு. 2023-இல் மின்வெட்டு எவ்வளவு மோசமாக இருந்தது என்று உனக்கே தெரியும். காற்றடித்த கோட்டைக்குள் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் புளோயர் நின்று துணி அவர்கள் மேலேயே இறங்கத் தொடங்கும். மால் ஜெனரேட்டர் உன் கடை முழுவதற்கும் கொடுக்குமா, விளக்குக்கு மட்டுமா என்று கேட்டுக்கொள்.

வாடகை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் பார். சாவி கையில் வந்த பிறகு விளையாட்டுச் சாமான்களைப் பொருத்த வேண்டும், முனிசிபாலிட்டியில் பிளான் கொடுக்க வேண்டும், தீயணைப்புத் துறை வந்து பார்க்க வேண்டும், கேன்டீனுக்கு உணவு அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த மாதங்களுக்கு வாடகை இல்லை என்று எழுதி வாங்கு. அனுமதி கிடைக்காவிட்டால் லீஸே செல்லாது என்றும் ஒரு நிபந்தனை போடச் சொல்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போ. உயரத்தைக் கூரை வரை அளக்காதே, தாழ்வான உத்தரத்தின் அடி வரை அள. நாங்கள் முதலில் பார்த்த ஒரு கட்டிடம் வாடகை குறைவு, வாசலில் நல்ல பார்க்கிங். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அவசர வழிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டு, அதன் முன்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. காட்டியவர் “அதெல்லாம் எடுத்துவிடலாம்” என்றார். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அப்படிப் பேசுகிறவரிடம் எனக்கு ஐந்து வருட உறவு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கழிவறை எங்கே இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. மால் தாழ்வாரத்தின் கோடியில் பொதுக் கழிவறை என்றால், இரண்டு பிள்ளைகளோடு வந்த தாய், ஒரு பிள்ளைக்கு அவசரம் வந்தால் இரண்டுக்கும் செருப்பை மாட்டிக் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். அவள் மறுபடி வர மாட்டாள்.

மாலில் இன்னொரு சங்கடம், பிள்ளையை விட்டுவிட்டு ஷாப்பிங் போகலாமா என்று கேட்பார்கள். பெற்றோர் இல்லாமல் ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொண்டால் 2005-ஆம் வருடக் குழந்தைகள் சட்டப்படி அது பராமரிப்பு நிலையமாகப் பதிவு செய்ய வேண்டிய காரியமாகிவிடும். எங்கள் கூடத்தில் பெரியவர் ஒருவர் உள்ளேயே இருந்தாக வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் டீ குடிப்பார்கள், அதிலும் வருமானம் உண்டு. ஆகவே டீயும் தின்பண்டமும் விற்கலாம், பிறந்தநாள் விருந்து நடத்தலாம் என்று லீஸில் பெயர் சொல்லி எழுதச் சொல். பக்கத்துக் காபிக் கடைக்கு மட்டுமே அந்த உரிமை என்று ஏற்கெனவே கொடுத்திருந்தால் உன் கணக்கே மாறிவிடும்.

கடைசியாக, மூடிக் கிடக்கும் நாட்கள். 2020 மார்ச் ஊரடங்கு, 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் என்று இந்த ஊர் வரிசையாகப் பார்த்துவிட்டது. உள்ளே போகவே முடியாத நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா என்பதை லீஸ் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸில் கலவரச் சேதம் வராது, அதற்கு சாஸ்ரியா என்ற அரசு இன்ஷூரன்ஸைத் தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் ஊரில் கோடைக்காலச் சாயங்காலம் இடி மழை வரும், குளிர்காலத்தில் காலையும் இரவும் நல்ல குளிர், அதனால் உனக்குக் கூட்டம் எங்களை விட நன்றாகவே இருக்கும். இங்கே ஜூலை விடுமுறையில் எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

லீஸ் வரைவு வந்ததும் பின்னிணைப்புகளோடு முழுவதையும் ஸ்கேன் செய்து அனுப்பு. எங்கள் வக்கீலிடம் காட்டுகிறேன். அதுவரை டெபாசிட் என்று ஒரு ரேண்ட் கூடக் கொடுக்காதே. ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவோம், மறுநாள் எங்கள் கூடத்தைக் காட்டுகிறேன். டேப்பும் கொண்டு வா, எங்கள் உத்தரத்தை அளந்துகொண்டு போகலாம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்