சப்பத் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைமாதக் குழந்தைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், குழந்தை சப்பத் தொடங்கியதும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பிக் காத்திருக்கும் தாய்க்குப் பால் வற்றிவிடும். 28 வாரத்தில், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் இடையில் மூச்சு விடவும் சேர்ந்து கைவர, கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரமாவது ஆக வேண்டும். அதுவரை மார்பு சும்மா இருக்கலாமா?

பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள், பால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குக் கைதான் சிறந்தது. சீம்பால் கெட்டியானது, சில சொட்டுகளே வரும், பம்பின் பாகங்களில் ஒட்டி வீணாகிவிடும். கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது, தோலில் விரலைத் தேய்க்கவும் கூடாது. வரும் சொட்டுகளை 1 மில்லி சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் வயிற்றுக்குப் பால் கொடுக்கச் சொல்லாத நாளிலும், கன்னத்துக்கு 0.1 மில்லி வீதம் வாயின் உட்புறம் தடவலாம்.

ஒரு நாளில் எட்டு முதல் பத்து தடவை பீய்ச்ச வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இரவுதான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. மார்பில் தேங்கும் பாலே சுரப்பைக் குறைத்துவிடும். பால் நன்றாக ஊறத் தொடங்கியதும் இருபுறமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்ப் உதவும். இரண்டு வாரத்தில் நாளுக்கு 500 மில்லியாவது கிடைக்க வேண்டும். "குழந்தை குடிப்பதே 30 மில்லி, இவ்வளவு எதற்கு?" என்று வார்டில் யாராவது சொல்வார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். சுரப்பின் அளவு பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்தில்தான் நிலைபெறுகிறது.

எடுத்த பாலுக்குப் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்ட வேண்டும். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கினால் இளகியபின் 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. வயிற்றுக்குள் விடும் குழாய் வழியே பால் கொடுக்கும்போது கொழுப்பு குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். எடை ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். கொடுக்கும் முன் பாலை மெதுவாகச் சுழற்ற வேண்டும். சிரிஞ்சைத் தள்ளும் பம்பில் மெல்லச் செலுத்துவதாக இருந்தால், மேலே மிதக்கும் கொழுப்பு முதலில் போகும்படி சிரிஞ்சின் முனை மேல்நோக்கி இருக்கட்டும். தாய்ப்பால் போதாத இடத்தில் தானமாகப் பெற்ற தாய்ப்பால். பவுடர் பால் அதற்கும் பிறகுதான். குடல் அழுகல் நோயிலிருந்து தாய்ப்பால் தரும் காப்பு பவுடர் பாலில் இல்லை.

குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்ய உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நெஞ்சோடு கிடக்கும்போதே, பீய்ச்சி முடித்த மார்பில் குழந்தை நக்கட்டும், சப்பிப் பார்க்கட்டும். பால் புரையேறும் பயம் குறைவு. பிறகு வாய்வழி கொடுக்கும்போது புட்டியைவிடக் கிண்ணமோ பாலாடைச் சங்கோ நல்லது. பாலை வாயில் ஊற்றாமல் உதட்டில் தொட்டு வைத்தால் குழந்தையே நக்கி எடுக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பம்பைத் திருப்பி வாங்கிக்கொள்வது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அந்தக் குழந்தை ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடும், மார்பில் பால் மிச்சமாகும். குழந்தை தானே குடித்து ஒழுங்காக எடை ஏறும்வரை, ஒவ்வொரு முறை பாலூட்டிய பிறகும் மிச்சப் பாலைப் பீய்ச்சி எடுக்கத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து, பம்பும் அவரிடமே இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள்