அளவு எழுதி அனுப்பு

கோவில்பட்டி
15.6.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திருப்பூர்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள். தொலைபேசியில் பேசினால் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்குவதற்குள் 'அடுப்பில் பால் இருக்கிறது' என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். வாத்தியார் புத்தி, எழுதினால்தான் கோர்வையாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ அழைப்பது திருமணமான நாளிலிருந்து தவறாத வழக்கம். மாசி மாதத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பேசுகிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார், அதில் எனக்குக் குறையில்லை. முழுப் பரீட்சை விடுமுறைக்குக் குழந்தையை அழைத்துவரவில்லை. நீச்சல் வகுப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லதுதான், பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா சுட்டுவைத்த முறுக்கு நமத்துப் போயிற்று என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

உன் அத்தான் நம் வீட்டில்தான் இருக்கிறான். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு முறைகூட அவனைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ கேட்காவிட்டாலும் அவன் எப்படி இருக்கிறான் என்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

2009 ஆடிக் கோயில் கொடையின்போது நடந்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. செத்துப்போனவனின் தாய் இன்றும் ஊரில் அதே தெற்குத் தெருவில்தான் இருக்கிறாள். அவள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அவன் ஊருக்குப் போகாமல் கோவில்பட்டியில் தங்கியிருக்கிறான். பதினான்கு ஆண்டு முடிந்தால் தானாகக் கதவு திறந்துவிடும் என்றுதான் நம் சொந்தக்காரர்கள் பலரும் நினைக்கிறார்கள். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான்; மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவனைப் பதினான்கு ஆண்டுக்கு முன்னால் தண்டனைக் குறைப்பில் விடக்கூடாது என்று 1978இல் சட்டத்தில் சேர்த்தார்கள், அவ்வளவே. ஆளுநர் பெயரில் அரசாங்கம் விடுவிப்பது வேறு கணக்கு. 2008இல் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு வருடம் முடித்தவர்கள் 1,400 பேருக்கு மேல் விடுதலையானதை யாரோ உன் அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் 15க்கும் அவள் புது வேட்டி ஒன்று வாங்கிவைத்துக் காத்திருந்தாள். அவள் 2017இல் கண்ணை மூடிய பிறகு பெட்டியைத் திறந்தால் மடிப்புக் கலையாமல் ஏழு வேட்டிகள் இருந்தன. இப்போது அவன் கட்டுவது அவற்றைத்தான்.

முதல் வாரம் அம்மா அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நானும் தடுக்கவில்லை. அவன் அதைக் கவனித்தான், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கீரை ஆய்ந்தால் உடன் உட்கார்ந்து ஆய்வான், காய் நறுக்கும் நேரம் வந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவான். பங்குனி மாதம் ஒரு நாள் அம்மா தானாகவே பரணிலிருந்து அதை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, அவன் முன்னால் வைத்து, "இந்த வாழைக்காயை நறுக்கிக் கொடு" என்றாள். அவன் நறுக்கிய வில்லைகள் எல்லாம் ஒரே கனத்தில் இருந்தன.

இரவில் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்து நான் ஒரு நாள் பின்னால் போனேன். "ஆறு மணிக்கு லாக்கப் போட்டுருவாங்க மாமா, நட்சத்திரம் பாத்து வருஷமாச்சு" என்றான். அவன் கேட்பதெல்லாம் இப்படிச் செலவில்லாத காரியங்கள்தான்.

செலவாகும் காரியங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் உள்ளே போனபோது நாட்டில் ஆதார் என்பதே கிடையாது. ஆதாரோ வேறு அடையாள அட்டையோ இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, சிம் கார்டு இல்லை, வங்கி வழியாகக் கூலி வாங்கவும் வழியில்லை. அத்தை பெயரில் இருந்த ரேஷன் அட்டை அவளோடு போயிற்று. நம் அட்டையில் அவன் பெயரைச் சேர்க்க வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். சிறையில் இருப்பவனுக்கு ஓட்டு கிடையாது. 2009 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் போட்டதுதான் அவனுடைய கடைசி ஓட்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கம் சிறைத்துறையை ஒட்டி இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பரிந்துரைத்தால் தையல் இயந்திரம் கிடைக்கலாம் என்று அதற்கும் மனு எழுதியிருக்கிறேன். அவன் உள்ளே தையல் கற்றவன், ஓவர்லாக்கும் தெரியும். இங்கே ஒரு தையல் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தான், மூன்றாம் நாள் யாரோ கடைக்காரரின் காதில் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் முழு வாரக் கூலியைக் கையில் கொடுத்து, வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவர் கெட்டவர் அல்லர், பெண்கள் வந்துபோகிற கடை.

இதை எழுதுவதால் மாப்பிள்ளையின் கம்பெனியில் வேலை கேட்கிறேன் என்று எண்ணிவிடாதே. நான் கேட்கவில்லை. அவரிடம் நீ சொல்லவும் வேண்டாம். பவர் டேபிள் தையலுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவதாக அவரே சென்ற தீபாவளிக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது, அதனால் எழுதினேன். வெயிலில் குழந்தையை விளையாட விடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு.

ஊரில் யாராவது பழைய முறைப் பேச்சு எதையேனும் மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தால், அது பெரியவர்கள் விளையாட்டாகப் பேசியது, உனக்கு அப்போது பத்து வயது என்று நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. நான் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

நீ என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவள். வ.உ.சி. பாடத்தை நான் எப்படி நடத்துவேன் என்று உனக்கே தெரியும். கப்பல் விட்டதைக் காட்டிலும், செக்கு இழுத்ததைக் காட்டிலும், 1912 டிசம்பர் 24 அன்று கண்ணூர்ச் சிறை வாசலில் அவரை வரவேற்கக் கூட்டம் இல்லை என்பதைத்தான் நிறுத்திச் சொல்லுவேன். தொழுநோயோடு நின்ற சுப்பிரமணிய சிவாவைச் சொல்லும்போது பிள்ளைகள் அழுவார்கள், நீயும் அழுதாய். திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்ப விடாமல், வக்கீல் சன்னதும் பறிபோய், அவர் சென்னையில் பட்ட பாட்டையும், வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அந்தச் சன்னதைத் திரும்பக் கொடுத்ததால் அவர் தம் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்ததையும், பிறகு இதே கோவில்பட்டியில் வக்கீலாக இருந்ததையும் வருடம் தவறாமல் சொன்னேன். நாட்டுக்காகச் சிறை போனவரோடு இவனை ஒப்பிடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு மூளை கலங்கிவிடவில்லை. ஆனால் சிறை வாசலைப் பற்றி முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய நான், மாசி மாதம் அவனை விட்ட அன்று பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. மூட்டு வலி என்று அம்மாவிடம் சொன்னேன். அவன் தனியாகப் பேருந்து ஏறி வந்து, தெருவில் ஆள் அடங்கட்டும் என்று எதிர் டீக்கடையின் ஓரத்தில் நின்று, இருட்டிய பிறகு வாசலுக்கு வந்தான். அத்தை மாதந்தோறும் மனுப் போட்டுப் பார்க்கப் போனபோதும் பேருந்துக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவன்தான் நான்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கும் தெரியாது.

2014இல் அத்தை இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். அவளைப் பார்க்க அவன் விடுப்புக்கு மனுச் செய்தான். விசாரிக்க நன்னடத்தை அலுவலர் ஓர் இளம் பெண் நம் வீட்டுக்கு வந்தாள். வந்தால் தங்கவைத்துக்கொள்வீர்களா, பொறுப்பேற்பீர்களா என்று கேட்டாள். உனக்கு அந்த வாரம்தான் நிச்சயதார்த்தம். திண்ணையில் பந்தல்காரன் அட்வான்சுக்காக உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பெண்ணை உள்ளேகூட அழைக்காமல், வீட்டில் இடமில்லை, ஊரில் பிரச்சினை வரும், என்னால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விடுப்பு மறுக்கப்பட்டது. ஏன் வரவில்லை என்று அத்தை என்னைத்தான் கேட்டாள். சர்க்கார் காரியம், தாமதமாகும் என்றேன். மூன்று வருடம் கழித்து வழிக்காவலுடன் வந்து, கொள்ளி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு வண்டியில் ஏறிப் போனான்.

உன்மேல் பழி போடவில்லை அம்மா. உனக்காகச் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நீ இல்லாவிட்டாலும் வேறொரு காரணத்தை நான் கண்டுபிடித்திருப்பேன்.

சித்திரையில் ஆதாருக்காக அவன் கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரித்தேன். அதில் அந்த மறுப்பு ஆணையின் நகல் இருந்தது. 'தாய்மாமன் பொறுப்பேற்க முன்வராத நிலையில்' என்று தட்டச்சில் இருந்தது. பத்து வருடம் எத்தனை முறை பிரித்து மடித்தானோ, மடிப்பில் காகிதம் இற்றுப்போயிருந்தது. அதே மடிப்பில் மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன். அவன் இன்றுவரை கேட்கவில்லை. காலையில் எனக்கு வெந்நீர் விளாவி வைக்கிறான். நான் இன்னும் அவனிடம் வாய் திறக்கவில்லை. உன்னிடம் எழுதிப் பார்த்தால் அவனிடம் சொல்லத் தெம்பு வருமோ என்று நினைத்தேன்.

நீ வருவதும் வராததும் உன் விருப்பம், உன் வீட்டு நிலைமை உனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீயே பேசினால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும்.

பக்கத்து வீட்டு இயந்திரத்தை இரவல் வாங்கி, அத்தையின் பச்சைச் சுங்குடிச் சேலையில் குழந்தைக்குப் பாவாடை தைக்கிறேன் என்று துணியை வெட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறான். போன வருடப் புகைப்படத்தைப் பார்த்து உத்தேசமாக வெட்டச் சொன்னேன், மாட்டேன் என்கிறான். வளரும் பிள்ளையாம், சேலையோ ஒன்றுதானாம். இடுப்பளவும் உயரமும் எழுதி அனுப்பு, அல்லது அவனிடமே தொலைபேசியில் சொல். அங்குலத்தில் சொல், சென்டிமீட்டர் அவனுக்குப் பழக்கமில்லை.

அன்புள்ள,
அப்பா