கல்வராயன் மலைக்காட்டு மண்ணையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் நச்சு ரசாயனம் என்றாலே பேச்சு சிப்காட்டையும் ஆற்று நீரையும் சுற்றியே நிற்கிறது. காற்றோடு போனதை யாரும் தேடுவதில்லை. நெல் வயலில் தூவிய பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்து எங்கே போகிறது என்று வெள்ளாற்றுப் படுகையில் நடந்த ஆய்வு 1991-ல் வெளியானது. 99 சதவீதத்துக்கும் மேல் காற்றில் கலந்தது. முகத்துவாரத்துக்கு வந்தது அரை சதவீதம்கூட இல்லை.

அப்படிப் போனது குளிர்ந்த இடத்தில் படியும். இலைமேல் உள்ள மெழுகு அதை உறிஞ்சும். இலை உதிர்ந்து மக்கியதும், அந்த மட்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆல்ப்ஸ் மலைக்காடுகளில் ஊசியிலையையும் மட்கையும் சோதித்து இதை உறுதிசெய்திருக்கிறார்கள். கடலூருக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையில் அந்தக் குளிர் கிடையாது. ஆனால் இலை காற்றை வடிகட்டும் வேலை இங்கும் நடக்கும். அங்கே பிறக்கும் மணிமுக்தாவும் கோமுகியும் வெள்ளாற்றில்தான் சேர்கின்றன. மழையில் மட்கு கரைந்தால் அதில் ஒட்டியிருப்பதும் கீழே வரும்.

எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வனத்துறையும் சேர்ந்து அங்கே மாதிரி எடுக்க வேண்டும். அதையும் முறையாகச் செய்ய வேண்டும். சருகு, மட்கு, அதன் கீழுள்ள 5 சென்டிமீட்டர் மண் ஆகிய மூன்றும் தனித்தனிக் குப்பியில் இருக்க வேண்டும். கலந்துவிட்டால் மட்கில் உள்ளது நீர்த்துப்போய், ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வரும். பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். பிளாஸ்டிக் பை வேண்டாம். கரைப்பானில் கழுவிய எஃகுக் கரண்டி, பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் போதும். வெயிலில் உலர்த்தினால் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் பறந்துவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். இலை ஒரே மர இனத்தில், ஒரே வயதில் பறித்ததாக இருக்கட்டும். முற்றிய இலையில் மருந்து கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

மண்ணின் கரிம அளவையும் கூடவே சொல்லாத அறிக்கையால் பயனில்லை. கரிமம் மிகுந்த மண் கூடுதலாகப் பிடித்து வைக்கும் என்பதால், வெறும் எண்களை வைத்து இரண்டு இடங்களை ஒப்பிட முடியாது. பி.எச்.சி.யை மொத்தமாகத் தராமல் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று அதன் வடிவங்களாகப் பிரித்துத் தர வேண்டும். பீட்டா ஓங்கியிருந்தால், பி.எச்.சி.க்கு இந்தியா விதித்த 1997 தடைக்கு முந்தைய பழைய எச்சம் என்று கருதலாம். காமா ஓங்கியிருந்தால், பெரும்பாலும் காமாவே கொண்ட லிண்டேன் மருந்து என்று சந்தேகிக்க வேண்டும்.

சிதையாமல் நீடிக்கும் நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006-ல் ஏற்றது. கண்காணிப்பும் அதில் அடக்கம். வடகிழக்குப் பருவமழை மட்கை அரித்துச் செல்லுமுன், செப்டம்பருக்குள் முதல் மாதிரிகளை எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மண், நீர் ஆய்வுப் பணியில் இருப்போர் சிலர்,
சிதம்பரம், கடலூர் மாவட்டம்.