மாறி மாறி அல்ல, ஒரே நேரத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ‘வீட்டிலேயே செய்து பாருங்கள்’ பகுதியில், ரப்பர் கையைத் தன் சொந்தக் கையாகவே உணரவைக்கும் மாயையை உண்டாக்கும் ரப்பர் கைச் சோதனையைப் போட்டிருந்தீர்கள். “ரப்பர் கையையும் உங்கள் கையையும் தூரிகையால் மாறி மாறித் தடவவும்” என்றது அதில் ஒரு வரி. மாறி மாறித் தடவினால் அநேகமாக ஒன்றும் நடக்காது. 1998-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதிய பாட்வினிக்கும் கோஹனும் நேரம் பிசகவிட்டுத் தடவியது ஒப்பீட்டுக்காக, மாயை வராத நிலை எப்படியிருக்கும் என்று பார்க்க. அதையே செய்முறையாக அச்சடித்திருக்கிறீர்கள். உப்பைக் கொட்டிவிட்டுப் பாயசம் இனிக்கவில்லையே என்று வாசகர் விழிப்பார்.

சரியான முறை இதுதான். இடது கை ரப்பர் உறையில் பஞ்சை அடைத்து, மேசைமேல் நேராக முன்னால் வையுங்கள். நிஜ இடது கை அதற்கு இடப்புறம் 15 முதல் 20 செ.மீ. தள்ளி, நிறுத்தி வைத்த அட்டைக்கு மறைவில் இருக்கட்டும். தோளிலிருந்து உறையின் மணிக்கட்டு வரை ஒரு துண்டைப் போர்த்துங்கள். ஒரே மாதிரியான இரண்டு தூரிகைகளால் ஒரே விரலை, ஒரே திசையில், ஒரே கணத்தில் இன்னொருவர் தடவ வேண்டும். தடவுபவர் பெரும்பாலும் ரப்பர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்; அதனால் மறைவிலிருக்கும் தூரிகை பிந்திவிடும். அரை நொடி பிந்தினாலே போயிற்று. வலது கை உறையை மாட்டினாலும், விரல் நுனி தன்னை நோக்கியிருக்கும்படி திருப்பி வைத்தாலும் வராது. ஓரிரு நிமிடம் கழித்து, கண்ணை மூடி, வலது ஆட்காட்டி விரலை மேசைக்கு அடியில் நகர்த்தி, இடது ஆட்காட்டி விரல் இருக்குமிடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாயை பிடித்திருந்தால் ரப்பர் கைப் பக்கமாகத் தள்ளிக் காட்டுவார். கண்ணில் படும் தடவலும் தோலில் படும் தடவலும் நேரத்தில் ஒத்துப்போனால் மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது; இடத்தைப் பொறுத்தவரை கண்ணைத்தான் நம்புகிறது. எல்லோருக்கும் வராது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். 2021 மருத்துவ நோபல் பரிசின்போது, மிளகாய்க் காரத்தை உணரும் புரதத்தைப் படபூட்டியனுக்கும், அழுத்தத்தை உணரும் பியெசோ புரதங்களை ஜூலியஸுக்கும் மாற்றிக் கொடுத்தீர்கள். தோலைத் தொடும் இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணர விரல் நுனிக்கு 2 ‘செ.மீ.’ இடைவெளி வேண்டும் என்றீர்கள்; 2, 3 மி.மீ. போதும். முதுகுக்குத்தான் 4 செ.மீ. அளவுக்கு வேண்டும். உங்கள் கணக்குப்படி பிரெய்ல் எழுத்தை யாரும் படிக்க முடியாது!

கை இழந்தவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துச் சிகிச்சை செய்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை நீங்கள் மறந்ததே இல்லை, மகிழ்ச்சி. அவர் அந்தக் கண்ணாடியை எங்கே வைத்தார் என்பதைத்தான் ஒருமுறையும் சரியாக எழுதவில்லை. நோயாளியின் முகத்துக்கு எதிரே அல்ல ஐயா. இரு கைகளுக்கும் நடுவில், செங்குத்தாக, நல்ல கையைப் பார்த்தபடி. அப்போதுதான் அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்.

இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த இதழில் ‘மாறி மாறி’ என்பதை ‘ஒரே நேரத்தில்’ என்று திருத்தி இரண்டு வரி போடுங்கள். குறுக்கெழுத்து விடைக்குக் கீழே என்றாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்