இங்கிலாந்தின் க்ரூவில் இருக்கும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். தம்பி வேலைக்குப் போய் வருகிறான். வீட்டுச் செய்தி அவ்வளவே. நேரத்துக்குச் சாப்பிடு.

பார்சலுக்குப் புது முகவரி கொடுத்தாயாம், அம்மா எழுதி வைத்திருந்தாள். பழைய வீடு ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம் என்று நீதான் சொன்னாய். சரி, இருக்கட்டும். பருப்புப்பொடியோடு, மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று வர்க்கியும் வைத்திருக்கிறேன். நொறுங்காமல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் சொல்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் ஊர் இஞ்சினைப் பற்றி. சிரிக்காதே. நீ க்ரூவில் வேலை கிடைத்தது என்று சொன்ன அன்று, எங்கள் லோகோ ஷெட்டில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். ரயில் இஞ்சின் கட்டிய அந்த ஊர் ஒர்க்ஷாப் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கிற பழைய ஆட்கள் அங்கே இருந்தார்கள். குன்னூர் பிட்டர் மகள் க்ரூவில்! அந்த வாரம் முழுக்க நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஒர்க்ஷாப்பில் வெப் என்று ஒரு தலைமை இஞ்சினியர். 1871 முதல் 1903 வரை அவர் வைத்ததுதான் சட்டம். 1882இல் ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்றே பெயர் வைத்து ஒரு இஞ்சின் கட்டினார். சிலிண்டரில் ஒருமுறை வேலை செய்த நீராவியைப் புகைபோக்கி வழியாக வீணாக்காமல், இன்னொரு பெரிய சிலிண்டருக்குள் விட்டு மறுபடி வேலை வாங்குவது. கரி மிச்சமாகும். வெளியே 11½ அங்குலத்தில் இரண்டு சிலிண்டர், உள்ளே நடுவில் 26 அங்குலத்தில் ஒன்று. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச் சிலிண்டர்கள் பின் சக்கரத்தைத் தள்ளும், நடுச் சிலிண்டர் முன் சக்கரத்தைத் தள்ளும். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கட்டும் கம்பியை மனுஷன் போடவே இல்லை. உராய்வு குறையும் என்று கணக்குப் போட்டார். கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

பிறகு வந்த இஞ்சின்களில் இன்னொரு வினை சேர்ந்தது. நடுச் சிலிண்டரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுகிற பிடி டிரைவர் கையில் கிடையாது. சக்கரம் கொஞ்சம் உருண்டால் அதுவாக மாறிக்கொள்ளும். இஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் வண்டியில் மாட்டிவிட்டு, நீராவியை விடுகிற ரெகுலேட்டரைத் திறந்தால், பின் சக்கரம் முன்னே போகப் பார்க்கும், வழுக்கும். முன் சக்கரமோ இன்னும் பின்னே போகிற நினைப்பிலேயே இருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சுழலும். நீராவி உண்டு, சத்தம் உண்டு, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இஞ்சின் மும்முரமாக வேலை செய்வதுபோலத்தான் தெரியும்.

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ‘ஜீனி டீன்ஸ்’ என்ற இஞ்சின் 1890களில் ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸை வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் வெப் போனபிறகு வந்தவர் பொறுக்கவில்லை. 1907க்குள் அந்த மூன்று சிலிண்டர் எக்ஸ்பிரஸ் இஞ்சின்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

நம் மலை இஞ்சினும் அப்படி நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிற காம்பவுண்ட்தான். கீழ்ச் சிலிண்டர் தண்டவாளச் சக்கரத்துக்கு, அதில் மிஞ்சிய நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அங்கேயும் மேலும் கீழும் எதிரெதிர்த் திசைதான். நடுவில் கியர் இருக்கிறது, அதனால் கல்லாறு ஏற்றம் ஏறுகிறது.

நான் இஞ்சினைப் பற்றித்தான் எழுதுகிறேன், அம்மிணி. வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே. ஆனால் வீடியோவில் மாப்பிள்ளையைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. எப்போது கேட்டாலும் டூட்டி என்கிறாய். பொங்கலுக்கும் வரவில்லை. பெரியம்மா வீட்டுச் சங்கதிபோல ஊர் சொல்லி நாங்கள் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதே. குளிருக்குக் கம்பளி போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

போனமுறை நீ வந்தபோது, குன்னூர் பிளாட்பாரத்தில், ‘அப்பா, ஒன்று சொல்லணும்’ என்றாய். நான் இஞ்சினைக் காட்டி மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று ஆரம்பித்தேன். வண்டி கிளம்பும்வரை நிறுத்தவில்லை. உனக்கு ஆர்வம் என்று நினைத்துப் பேசவில்லை, கண்ணு. உன் முகத்தைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிட்டது. மீதியைக் கேட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். ‘பொறுத்துப் போ’ என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தவன் நான்தானே. அந்தப் பயத்தில் பேசிக்கொண்டே இருந்தேன். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போவாள். வர ஒரு மணி நேரம் ஆகும். அப்போது கூப்பிடு. இஞ்சின் பேச்சை எடுக்க மாட்டேன்.

அப்பா

வர்க்கியை நீயே சாப்பிட்டாலும் சரி.