விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

யாழ்ப்பாணம் சோனகதெருவில் சனிக்கிழமைகளில் நான் போடும் சட்ட உதவி மேசைக்கு இந்த மாதத்தோடு பத்து வருடம் நிறைகிறது, அல்ஹம்துலில்லாஹ். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் "பெயரைப் போட்டுடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒருவர் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

வெளியில் இருப்பவர்களுக்கு விளங்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியாக, அதாவது எங்கள் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, ஆண் ஒருவரைத்தான் நியமிக்கலாம். விவாகப் பதிவாளரும் ஆண்தான். பஸஹ் (மனைவி கேட்கும் விவாகரத்து) விசாரணையில் காதியோடு அமரும் ஜூரிமார் மூவரும் ஆண்கள். காதிக்கு முன்னால் கட்சிக்காரருக்காகப் பேச எந்தச் சட்டத்தரணிக்கும் அனுமதியில்லை. புருஷன் விட்டுப் போய் மூன்று வருடமாகச் சல்லிக்காசு அனுப்பாத ஒரு பெண், தன் அறைக்குள் நடந்ததையெல்லாம் அத்தனை ஆண்களுக்கு முன்னால் தனியே சொல்ல வேண்டும். சட்டம் படித்த நான் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. 16ஆம் உறுப்புரையோ, முன்பிருந்த சட்டங்கள் அதற்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பெண்கள் நிற்கிறார்கள்.

முதல் நன்றி காதியார் வீட்டு மாமிக்கு.

அன்றைக்குப் பங்குனி வெயில். விசாரணை காதியாரின் வீட்டு முன்னறையில். என்னோடு வந்த பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது. உள்ளே போனவள் கேட்ட கேள்வி எதற்கும் பதில் சொல்ல முடியாமல் அழுகிறாள். கேற்றடியில் நின்ற எனக்கு அந்த அழுகைதான் கேட்கிறது, வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. மாமி குசினிப் பக்கத்தால் சுற்றி வந்து கேற்றைத் திறந்தார். "வெயிலுக்க நிக்காம இஞ்ச வந்து இருங்க மகள்" என்று நீலப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை விறாந்தையில் போட்டார். பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன. பிறகு உள்ளே எட்டி, "அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கட்டுமா?" என்று கேட்டு அவளை வெளியே கூட்டி வந்து என் பக்கத்தில் இருத்திவிட்டுப் போனார்.

அந்த அரை மணித்தியாலத்தில் அவள் சொல்லச் சொல்ல, கொப்பித் தாள் இரண்டில் எழுதினேன். எந்தத் திகதியில் போனார், கடைசியாக எவ்வளவு அனுப்பினார், மகனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது யாரிடம் கடன் வாங்கினாள், அதைக் கண்ட சாட்சி யார் யார். அவள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வாசித்தாள். குரல் நடுங்கியது, ஆனால் முடிவுவரை வாசித்தாள். காதியார் தாளை வாங்கிப் பார்த்து, "ஆர் எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் போனபோது விறாந்தையில் கதிரையோடு ஒரு சின்ன மேசையும் கிடந்தது. வந்த பெண்களிடம் காதியாரே, "முதல்ல வெளியில இருக்கிற மகளிட்ட எழுதுவிச்சுக்கொண்டு வாங்க" என்று சொல்லத் தொடங்கினார். இதற்காக ஜமாஅத்தில் சிலரிடம் பேச்சும் வாங்கினார் என்று பிறகுதான் அறிந்தேன். எல்லா இடமும் அப்படியில்லை. வேறோர் ஊரில் என்னைக் கேற்றடியிலேயே திருப்பி அனுப்பியதும் உண்டு. அதனால்தான் அந்த மேசையின் பெறுமதி எனக்குத் தெரியும். ஹஸ்ரத், உங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் முடியாது. 1990 ஒக்டோபர் 30, வடக்கிலிருந்து முஸ்லிம்களான எங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய அன்று எனக்கு ஏழு வயது. இரண்டு மணித்தியால அவகாசம். உம்மா எடுத்த பையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் ராத்தாவின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையும் இருந்தன, நகை இருக்கவில்லை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில், விடிய நாலு மணிக்கு இடியப்பம் அவித்து விற்றுத்தான் என்னைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார். "பொம்பிளைப் பிள்ளையைக் கோட்டுக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டவர்களுக்கு உம்மா சொன்ன பதில், "கடதாசி இல்லாம நாங்க பட்டது போதும்." காணி உறுதி இல்லாமல், பதிவு நகல் இல்லாமல், முகாம் அட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை கந்தோர்ப் படி ஏறியிருக்கிறார் என்பதைப் பார்த்த பிள்ளை நான்.

திரும்பி யாழ்ப்பாணம் வந்தபோது எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. என்னைத் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்ட சிரேஷ்ட சட்டத்தரணி அக்கா சைவக் குடும்பம். நான் ஐந்து வேளை தொழ, கோவைகள் அடுக்கியிருந்த பின்னறையை ஒதுக்கித் தந்தார். ஒருநாள் எங்கள் சட்டத்தைப் பற்றி நான் மனம் நொந்து பேசியபோது, கையில் இருந்த உறுதியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னைப் பார் பிள்ளை. முப்பது வருசமா மற்ற ஆக்களுக்கு உறுதி எழுதிறன். என்ர சீதனக் காணியை நான் விக்கிறதெண்டா தேசவழமைப்படி, அதுதான் எங்கட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டப்படி, என்ர மனுசன்ர கையெழுத்து வேணும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது." அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் இந்த விஷயத்தை எங்கள் பக்கம், உங்கள் பக்கம் என்று பிரித்துப் பேசியதில்லை.

நீதிமன்றத்தில் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்துத் தந்த எழுதுவினைஞர் ஐயாவுக்கும், தலைமுக்காட்டோடு பொருந்தும்படி கறுத்தக் கோட்டின் கழுத்தை மூன்று தரம் பிரித்துத் தைத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த தையற்கார அண்ணாவுக்கும் நன்றி. காதியின் தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) கட்டளையை மதிக்காதவரிடமிருந்து அந்தப் பணத்தைத் தண்டப்பணம்போல அறவிடுவது நீதவான் நீதிமன்றத்தில்தான். விறாந்தையில் வாய் மூடி இருந்த நான் வாய் திறந்து பேசக்கூடிய இடம் அது. அங்கே முதல்முறை எழுந்து நின்ற அன்று நான் போட்டிருந்தது அந்தக் கோட்டைத்தான்.

மௌலவி ஒருவருக்கும் நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். பெண் காதியாக இருக்கலாமா என்று கேட்டபோது அவர் கோபப்படவில்லை, கிதாபைத் திறந்தார். நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) இடமில்லை என்று மறைக்காமல் சொன்னார். ஹனபி மத்ஹபில் ஹுதூத், கிஸாஸ் என்ற குற்றத் தண்டனைகள் அல்லாத விவகாரங்களில் இடமுண்டு, இமாம் இப்னு ஜரீர் அத்தபரீ எல்லா விவகாரங்களிலும் அனுமதித்தார் என்று அதையும் மறைக்காமல் சொன்னார். மலேசியாவில் 2010இலேயே ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்ததை நான் சொல்ல, குறித்து வைத்துக்கொண்டார். இந்தக் கேள்வியைக் கேட்பதால் நான் மார்க்கத்தை விட்டுப் போகவில்லை என்பதை ஓர் ஆலிமின் வாயால் கேட்டது, நான் தனித்து நின்ற காலத்தில் கிடைத்த பெரிய ஆறுதல்.

புத்தளத்திலும் கிழக்கிலும் கொழும்பிலும் மூன்று தசாப்தங்களுக்கு மேலாக இந்தச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டுவரும் ராத்தாமார் இருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை ஆராய 2009இல் அமைத்த, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதிலும் பெண் காதி விடயத்தில் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் எத்தனை வீடு ஏறி இறங்கி, எத்தனை பெண்களின் கதையை எழுதிக் கொடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் விறாந்தை மேசை உங்களைப் பார்த்துப் போட்டதுதான்.

கடைசியாக, அந்த மேசைக்கு வந்து அமர்ந்த பெண்களுக்கு. யாருக்கும் சொல்லாததை என்னை நம்பிச் சொன்னீர்கள். உங்களில் ஒருவர் இப்போது சனிக்கிழமைகளில் என்னோடு இருந்து, வருபவர்களின் கடிதங்களை எழுதிக் கொடுக்கிறார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிடத் திருத்தமானது.

வரும் சனிக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பிறகு மேசை இருக்கும். விவாகப் பதிவுப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காசு அனுப்பிய துண்டுகள் இருந்தால் கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள், எடுக்கும் வழியைப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.

உங்கள் தெருப் பிள்ளை,
ஒரு சட்டத்தரணி,
யாழ்ப்பாணம்.