செந்திலுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமினாய். புனே குளிர் என்றாய். சரி. பொங்கலுக்கு வந்தபோதும் இதே இருமல்தான். இப்போது மாசி பிறந்துவிட்டது.

கடையில் நீயாகவே லீவோஃப்ளாக்சசின் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிப் போட்டாயாம், கொஞ்சம் குறைந்ததாம். அந்தக் கொஞ்சம்தான் எனக்குப் பயம். கிருமிக்கொல்லிகளில் அமாக்சிசிலின் கிருமியைச் சுவர் கட்டவிடாது. நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் நமக்குக் கேடில்லை. அசித்ரோமைசின், கிருமி புரதம் செய்கிற இடத்தை அடைக்கும். நீ போட்டது, டி.என்.ஏ. முறுக்கைப் பிரித்துவிடுகிற நொதியைப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சில் காசநோய்க் கிருமி இருந்தால் அதுவும் இந்த மருந்துக்கு அடங்கும், ஆனால் முழுசாகச் சாகாது. இருமல் தணியும், சளியில் ஒன்றும் தெரியாமல் போகலாம், நோய் பிடிபடுவது தள்ளிப்போகும். மிஞ்சிய கிருமி அப்புறம் அந்த மருந்துக்கே அசையாது.

லேபில் இருந்த காலமெல்லாம் அந்தக் காசநோய்க் கிருமியை ஸ்லைடில் பார்த்திருக்கிறேன். நீலத்துக்கு நடுவே மெல்லிசாகச் சிவப்புக் குச்சிகள். அமிலம் ஊற்றினாலும் சாயம் போகாது, மேலே அவ்வளவு மெழுகு. அந்த மெழுகைச் செய்யவிடாததுதான் ஐசோநியாசிட் என்கிற காசநோய் மருந்து. இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படக் கூடாது. குடலில் இருக்கிற இ.கோலி கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். அதனால்தான் ஆறு மாதம் மருந்து.

உனக்கு அது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியில் உன்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், உடம்பைப் பார்க்க மட்டும் உனக்கு நேரமில்லை. பெரிய மாமா காலம் இல்லை இது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் போலவே குணமானதைச் சென்னை சேத்துப்பட்டில் நடந்த காசநோய் ஆய்வில் 1959-லேயே காட்டிவிட்டார்கள். வேலையை விட வேண்டாம். கல்யாணப் பேச்சும் எங்கேயும் போய்விடாது.

சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எச்சிலைக் கொடுக்காதே, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து இருமி, ஆழத்திலிருந்து வருகிற சளியைக் கொடு. போட்ட மாத்திரையை டாக்டரிடம் மறைக்காதே. மறுபடி கடைக்குப் போகாதே.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் மத்தியானம் கூப்பிடு, அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அம்மா